22 ஆண்டு யூனிஃபார்ம், தாளில் 18: ரிசர்வ் பென்ஷனுக்கு எந்த ஆண்டுகள் சேரும்?

கேள்வி: என் கணவர் 2003 ஜூன் 15 அன்று அமெரிக்க ராணுவத்தில் முழுநேரப் பணியில் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் முடித்து 2007 ஜூனில் வெளியே வந்தார். 2009 அக்டோபர் கடைசியில் ஆர்மி ரிசர்வ் (பகுதிநேரப் படை) யூனிட் ஒன்றில் சேர்ந்தார், இன்றும் அங்கேதான் இருக்கிறார். நடுவில் 2012 அக்டோபர் 1 முதல் 2013 செப்டம்பர் 30 வரை வெளிநாட்டு மொபிலைசேஷன் (முழுநேரப் பணிக்கு அழைக்கப்படுவது). 20 ஆண்டு எப்போதோ முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தோம். 2025 ஜூன் 14 வரைக்குமான புள்ளி அறிக்கையில் 18 என்றுதான் போட்டிருக்கிறது. 2009-10 வரிசையில் 47 புள்ளி, 2017-18 வரிசையில் 43 புள்ளி என்று இருக்கிறது. 2017 ஆகஸ்டில் அவர் இரண்டு வாரப் பயிற்சிக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எது சரி, எங்கே போய்த் திருத்துவது?

பதில்: அறிக்கை ஓர் இடத்தில் தவறு, இன்னோர் இடத்தில் பெரும்பாலும் சரி. முதலில் கணக்கு எப்படி ஓடுகிறது என்று பார்த்துவிடுவோம்.

ரிசர்வ் பென்ஷனில் இரண்டு கணக்குகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேருக்குச் சிக்கல். பென்ஷன் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது ஆண்டுக் கணக்கு: 'குட் இயர்' எனப்படும் தகுதி ஆண்டுகள் 20 இருக்க வேண்டும். ஒரு குட் இயருக்குக் குறைந்தது 50 புள்ளி. எவ்வளவு பென்ஷன் என்பதைத் தீர்மானிப்பது புள்ளிக் கணக்கு. அதில் 50-ஐத் தொடாத ஆண்டின் புள்ளிகளும் சேரும். ஆக, 47 புள்ளி எடுத்த ஆண்டு தகுதிக்கு உதவாது. ஆனால் அந்த 47-உம் பணக் கணக்கில் வந்துவிடும்.

புள்ளி சேரும் வழி எளிது. முழுநேரப் பணியில் ஒரு நாளுக்கு 1. வார இறுதிப் பயிற்சியில் குறைந்தது நான்கு மணி நேரம் கொண்ட ஒவ்வொரு அமர்வுக்கும் 1. சனி, ஞாயிறு இரண்டு நாளில் நான்கு அமர்வு, எனவே 4. ரிசர்வில் பெயர் இருப்பதற்காகவே ஆண்டுக்கு 15. தபால்வழி அல்லது இணையவழிப் பாடங்களுக்கு ஆர்மியில் 3 மணிக்கு 1. ராணுவ மரியாதையுடன் நடக்கும் இறுதிச்சடங்கில் பணி செய்தால் அந்த நாளுக்கு 1. மாதாமாதம் தவறாமல் போனவருக்கு 48, கோடையில் 15 நாள் பயிற்சிக்கு 15, உறுப்பினர் புள்ளி 15, ஆகமொத்தம் 78. பயிற்சி 14 நாள் என்றால் 77. உங்கள் கணவரின் சாதாரண ஆண்டுகள் எல்லாம் இப்படித்தான் இருக்கும்.

இனி, 'ஆண்டு' என்பது எது? ஜனவரி முதல் டிசம்பர் அல்ல. அக்டோபரில் தொடங்கும் நிதியாண்டும் அல்ல. அவர் முதன்முதலில் பணியில் சேர்ந்த தேதியிலிருந்து ஓடும் ஆண்டு. அவருக்கு அது ஜூன் 15 முதல் அடுத்த ஜூன் 14 வரை. பணி முறியாதவரை அந்தத் தேதி மாறாது. ஒருவர் முழுதாக டிஸ்சார்ஜ் ஆகி, எந்தப் பட்டியலிலும் இல்லாமல் இருந்துவிட்டு மறுபடி சேர்ந்தால்தான், மறுபடி சேர்ந்த தேதி புதிய தொடக்கமாகும். அப்படி முறியும்போது அரைகுறையாக நிற்கும் ஆண்டுக்கு 50 என்ற அளவும் நாள் விகிதப்படி குறையும். ஆறு மாதம் என்றால் ஏறக்குறைய 25. அதைத் தொட்டிருந்தால் அந்த ஆறு மாதம் தகுதிச் சேவையில் சேரும்.

உங்கள் கணவருக்குப் பணி முறிந்ததா? 2007இல் 'வெளியே வந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் ஒப்பந்தம் பொதுவாக 8 ஆண்டுக்கானது. நான்கு ஆண்டு முழுநேரப் பணி முடிந்ததும் மீதியை ஐஆர்ஆர் எனப்படும் தனிநபர் ரிசர்வ் பட்டியலில் கழிக்க வேண்டும். யூனிட் இல்லை, பயிற்சி இல்லை, சம்பளமும் இல்லை; பெயர் மட்டும் இருக்கும். அதனால் பணி முறியவில்லை, ஜூன் 15 அப்படியே நிற்கிறது. ஆனால் 2007-08, 2008-09 இரண்டிலும் ஆண்டுக்குக் கிடைத்தது வெறும் 15 புள்ளி. இரண்டுமே தகுதி ஆண்டு அல்ல. 20 தாண்டிவிட்டது என்று நம்பும் குடும்பங்களில் பெரும்பாலும் இந்த ஐஆர்ஆர் ஆண்டுகளைத்தான் தவறாகச் சேர்த்து எண்ணியிருப்பார்கள்.

2009-10 வரிசைதான் வயிற்றெரிச்சல். அக்டோபர் கடைசியில் சேர்ந்தவர் நவம்பர் முதல் ஜூன் முதல் வாரம் வரை எட்டு வார இறுதிகளுக்குப் போயிருக்கிறார்: 32. உறுப்பினர் புள்ளி 15. கூட்டினால் 47. அந்தக் கோடையின் இரண்டு வாரப் பயிற்சி ஜூன் 14க்குப் பிறகு நடந்திருக்கும்; அந்தப் புள்ளிகள் அடுத்த ஆண்டில் போய் விழுந்தன. அடுத்த ஆண்டுக்கு அவை தேவையே இல்லை, இந்த ஆண்டுக்கோ மூன்று புள்ளி குறை. ஜூனில் ஆண்டு முடிகிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. ஒரு ஆண்டின் உபரியை இன்னொரு ஆண்டுக்கு நகர்த்த வழியே கிடையாது.

இப்போது ஒரு பாடம் படித்து அந்த மூன்றை நிரப்பவும் முடியாது. முடித்த தேதி எந்த ஆண்டோ அந்த ஆண்டுக்குத்தான் புள்ளி. ஆனால் 2009 ஜூன் 15க்கும் 2010 ஜூன் 14க்கும் இடையில் அவர் உண்மையிலேயே செய்து, பதிவில் ஏறாமல் விட்டுப்போனது ஏதாவது இருந்தால் அதைச் சேர்க்கலாம். பழைய பாடச் சான்றிதழ்களைத் தேடிப் பாருங்கள். 9 மணி நேரப் பாடம் ஒன்று போதும். சம்பளமில்லாமல் கூடுதலாகப் போன பயிற்சி, இறுதிச்சடங்குப் பணி இவையும் அடிக்கடி விட்டுப்போகும். இதற்கான தாள் டிஏ 1380. பணி செய்த நாளும் மணியும் எழுதி, மேற்பார்த்த அதிகாரி கையெழுத்திட்டது.

2017-18 வரிசை திருத்தக்கூடியது. 43 என்றால் 15 உறுப்பினர் புள்ளியும் ஏழு வார இறுதிகளின் 28-உம். ஆகஸ்ட் பயிற்சியின் 15 நாள் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் 58, குட் இயர். பயிற்சிக்கான ஆணை, அந்த நாட்களுக்குச் சம்பளம் வந்ததைக் காட்டும் எல்இஎஸ் சம்பளச் சீட்டு, இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆணை மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். போகச் சொன்னதற்குத்தான் அது சான்று, போனதற்கு அல்ல. யூனிட்டில் இருப்பவர் முதலில் யூனிட்டின் பணியாளர் பிரிவு வழியாக அனுப்ப வேண்டும். அங்கிருந்து ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகத்துக்குப் போகும். அங்கும் மறுத்தால்தான் டிடி 149 படிவத்தில் ராணுவப் பதிவுத் திருத்த வாரியம். பிழை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் அங்கே மனுச் செய்ய வேண்டும்.

வரிசை வரிசையாகச் சரிபார்க்க உங்களுக்குத் தேவையான தாள் டிஏ 5016 எனப்படும் ஆண்டுவாரிப் புள்ளி அறிக்கை. ஆர்மி நேஷனல் கார்டில் இருப்பவர்களுக்கு அதுவே என்ஜிபி 23. முழுநேரப் பணிக் காலங்கள் ஒவ்வொன்றையும், அந்தப் பணி முடியும்போது தரப்படும் சான்றிதழான டிடி 214 உடன் ஒப்பிடுங்கள். மொபிலைசேஷனுக்கும் தனியாக ஒரு டிடி 214 இருக்கும். 2003-07க்கு 1,461 நாள் இருக்க வேண்டும் (2004 பிப்ரவரி 29-ஐ மறக்கக்கூடாது). மொபிலைசேஷன் இரண்டு வரிசைகளில் பிரிந்திருக்கும்: 2013 ஜூன் 14 வரை 257 நாள், அதன் பிறகு 108. ஒரே வரிசையில் 365-ஐத் தேடி, காணவில்லை என்று பதற வேண்டாம்.

ஆக, 22 ஆண்டில் முழுநேரம் 4, ஐஆர்ஆர் 2, 47 புள்ளி ஆண்டு 1, யூனிட் ஆண்டுகள் 15. தாளில் இப்போது 4 + 14 = 18. 2017-18ஐத் திருத்தினால் 19. 2009-10க்கு அந்த மூன்று புள்ளிக்கான சான்று கிடைத்துவிட்டால் அவர் 2025 ஜூன் 14 அன்றே 20 முடித்தவர். கிடைக்காவிட்டால் 2026 ஜூன் 14 வரை பொறுக்க வேண்டும்.

பணம் எவ்வளவு? இன்னும் ஒரு சாதாரண ஆண்டையும் சேர்த்து, மற்ற ஆண்டுகளை 78 என்று வைத்தால் மொத்தம் 3,053 புள்ளி வருகிறது. அதை 360ஆல் வகுத்தால் 8.48 ஆண்டு. ஆண்டுக்கு 2.5 சதவீதம், எனவே 21.2 சதவீதம். அதிகபட்ச 36 மாத அடிப்படைச் சம்பளத்தின் சராசரி 5,000 டாலர் என்று வைத்துக்கொண்டால் மாதம் சுமார் 1,060 டாலர். 2018இல் புதிய கலப்புத் திட்டத்துக்கு (பென்ஷனோடு சேமிப்புக் கணக்கும் சேர்ந்தது) மாறியிருந்தால் பெருக்கல் 2 சதவீதம்தான். 17 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். 20 ஆண்டு முடிந்ததும் ஓய்வு ரிசர்வுக்கு (பென்ஷன் வயது வரை காத்திருப்போர் பட்டியல்) மாறிவிட வேண்டும், டிஸ்சார்ஜ் வாங்கிவிடக் கூடாது. மாறினால் பென்ஷன் தொடங்கும் காலத்துச் சம்பளப் பட்டியல். டிஸ்சார்ஜ் ஆனால் வெளியேறிய காலத்துப் பழைய பட்டியல். பதினைந்து ஆண்டு இடைவெளி என்றால் இந்த ஒரு கையெழுத்தின் விலை பெரிது.

பொதுவாக 60 வயதில் பென்ஷன். 2008 ஜனவரி 28க்குப் பிறகு மொபிலைசேஷன் போன்ற தகுதியுள்ள பணியில் ஒரு நிதியாண்டுக்குள் (2014 செப்டம்பர் 30க்குப் பிந்தைய பணி என்றால் அடுத்தடுத்த இரண்டு நிதியாண்டுகளுக்குள்) சேரும் ஒவ்வொரு 90 நாளுக்கும் வயது மூன்று மாதம் குறையும். 50க்குக் கீழே போகாது. இங்கே மட்டும் நிதியாண்டுதான் கணக்கு. அவருடைய மொபிலைசேஷன் 2013 நிதியாண்டுக்குள் அச்சாக உட்கார்ந்திருக்கிறது: 365 நாளில் நான்கு தொண்ணூறுகள், 12 மாதம் குறைவு, 59 வயதிலேயே பென்ஷன். ட்ரைகேர் மருத்துவக் காப்பீட்டுக்கு மட்டும் 60 வரை காத்திருக்க வேண்டும். கோடைப் பயிற்சி நாட்கள் இந்தக் குறைப்பில் சேராது. எதுவுமே தானாகக் கணக்கில் வந்து விழாது. டிடி 108 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

20 முடிந்ததும் ஓராண்டுக்குள் பென்ஷன் தகுதியை உறுதிசெய்யும் '20 ஆண்டுக் கடிதம்' வர வேண்டும். கணக்குப் பிழை என்று சொல்லி அதைப் பிறகு பறிக்க முடியாது, மோசடி இருந்தாலொழிய. கடிதம் கைக்கு வந்த 90 நாளுக்குள் டிடி 2656-5 படிவத்தில் வாழ்க்கைத்துணைக்கான பென்ஷனைத் தேர்வு செய்ய வேண்டும். முடிவைத் தள்ளிப்போடும் 'ஏ' வாய்ப்பை எடுத்தவர், பென்ஷன் வயதுக்கு முன் இறந்தால் மனைவிக்கு ஒன்றும் கிடையாது. உடனடிப் பாதுகாப்பு தரும் 'சி' வாய்ப்பைக் குறைத்து எதையாவது எடுக்க உங்கள் கையெழுத்து வேண்டும். படித்துப் பார்க்காமல் போட்டுவிடாதீர்கள்.

2009-10க்குச் சான்று கிடைக்காமல் 2025-26 ஆண்டையே நம்பியிருப்பதானால் இன்னொன்று. 2026 பிப்ரவரியிலேயே அவருக்கு 50 புள்ளி சேர்ந்துவிடலாம். 'போதும்' என்று அப்போதே ஓய்வு ரிசர்வுக்கோ டிஸ்சார்ஜுக்கோ மனுப் போட்டால், அந்த ஆண்டு அதுவரைக்கும் கடந்த நாட்களோடு நின்றுவிடும். 20க்குச் சில மாதங்கள் குறையும், கடிதம் வராது. யூனிட் வேலை முடியவில்லை என்றால் ஐஆர்ஆருக்கு மாறிக்கொள்ளலாம், அங்கே ஆண்டு அறுபடாது. ஓய்வு மனுவில் போடும் தேதி 2026 ஜூன் 15 அல்லது அதற்குப் பிறகாக இருக்கட்டும்.