சூரியனைப் படம்பிடிக்க எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது?

கேள்வி: எங்களிடம் 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள லென்ஸ் டெலஸ்கோப் இருக்கிறது. ‘சன்’ என்று எழுதிய சின்னக் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் பெட்டியிலேயே வந்தது. ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) அடியில் திருகுவது. அதை வைத்தே சூரியப் புள்ளிகளைப் படம் எடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றி, உடைத்துக் குப்பையில் போட்டுவிடுங்கள். வீட்டில் கிடந்தால் என்றாவது ஒரு பிள்ளை எடுத்துத் திருகிப் பார்க்கும். 70 மி.மீ. லென்ஸ் திரட்டும் வெயில் முழுவதும் குவிகிற இடத்துக்குப் பக்கத்தில்தான் அது உட்காருகிறது. சூடேறி விரிசல் விட்டால், கண்ணை எடுப்பதற்குள் பார்வை போய்விடும். சூரிய ஃபில்டரின் இடம் டெலஸ்கோப்பின் வாய்ப்பக்கம். வெயில் குழலுக்குள் நுழையும் முன்பே குறைய வேண்டும்.

நீங்கள் வாங்க வேண்டியது பாடர் அஸ்ட்ரோசோலார் போன்ற ஃபிலிம் தாள். ஏ4 அளவுத் தாள் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். வாங்கும்போது என்.டி. எண்ணைப் (ஒளியை எவ்வளவு குறைக்கும் என்ற அளவு) பாருங்கள். என்.டி. 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். என்.டி. 3.8 அதைப்போல 16 மடங்கு ஒளியை விடும், கேமராவுக்கு மட்டுமே ஆனது, கண் வைக்கக் கூடாது. இரண்டும் பார்க்க ஒரே வெள்ளித் தாள்தான். வீட்டில் பலர் கையாளுவார்கள் என்றால் என்.டி. 5 மட்டும் வாங்குங்கள்.

மாட்டும் விதம்: கெட்டி அட்டையில் இரண்டு வளையங்கள் வெட்டி, ஃபிலிமை நடுவில் வைத்து இரட்டைப்பக்க டேப்பால் ஒட்டுங்கள். இழுத்துப் பிடித்து ஒட்டக் கூடாது. தாளில் லேசான சுருக்கம் இருந்தால் படம் கெடாது, இழுத்து விறைத்தால் கெடும். சார்ட் அட்டையை டெலஸ்கோப்பின் முன்முனையைச் சுற்றி இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, 6 செ.மீ. நீளக் குழல் செய்து, வளையத்தை அதில் ஒட்டுங்கள். மாட்டியபின் மூன்று இடத்தில் டேப் போடுங்கள், மொட்டை மாடிக் காற்று ஒரு தள்ளில் கழற்றிவிடும். ஃபைண்டரை (குறி பார்க்க மேலே மாட்டும் சின்ன டெலஸ்கோப்) கழற்றிவிடுங்கள் அல்லது மூடிவையுங்கள். குழலின் நிழல் தரையில் எங்கே மிகச் சிறிதாக விழுகிறதோ, அந்தத் திசையில் சூரியன் இருக்கும்.

குவியத் தூரத்தை 109-ஆல் வகுத்தால் சூரிய பிம்பத்தின் அளவு வரும். உங்கள் டெலஸ்கோப்பில் 6.4 மி.மீ. சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவை நேராக மாட்டினால் முழு வட்டமும் தாராளமாக அடங்கும். ஐஎஸ்ஓ 100 வைத்து, 1/250-இலிருந்து 1/1000 நொடி வரை படிப்படியாக எடுத்துப் பாருங்கள். புள்ளியின் கருமையான நடுப்பகுதியும், அதைச் சுற்றிய சாம்பல் வளையமும், விளிம்போர வெண்திட்டுகளும் இந்தச் செலவிலேயே கிடைக்கும்.

கேள்வி: 2019 டிசம்பர் 26 சூரிய கிரகணத்துக்கு வாங்கிய அட்டைக் கண்ணாடி இருக்கிறது. அதிலுள்ள தாளை வெட்டி லென்ஸில் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். அதிலுள்ள ஐஎஸ்ஓ 12312-2 தரம் வெறுங்கண்ணுக்கானது. லென்ஸ் வழியே பார்ப்பதற்கு அது சான்று ஆகாது. படமும் மங்கலாக வரும்.

கேள்வி: ‘எச்-ஆல்ஃபா 7 நானோமீட்டர்’ ஃபில்டர் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. அதே எச்-ஆல்ஃபா சூரிய டெலஸ்கோப் என்றால் விலை லட்சத்தைத் தொடுகிறது. ஏன் இந்த வித்தியாசம்? மலிவானதை வாங்கினால் தீச்சுவாலைகள் தெரியுமா?

பதில்: தெரியாது, ஆபத்தும்கூட. பெயர் ஒன்றே தவிர, இரண்டும் வெவ்வேறு பொருள்கள். 7 நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை விடும் ஃபில்டர் இரவில் நெபுலா (விண்வெளி வாயு மேகம்) எடுக்க. சூரியனில் ஹைட்ரஜன் உறிஞ்சும் கோடு 656.28 நானோமீட்டரில் இருக்கிறது, அகலம் ஓர் ஆங்ஸ்ட்ராம் அளவுதான். ஓர் ஆங்ஸ்ட்ராம் 0.1 நானோமீட்டர் என்பதால் 7 நானோமீட்டர் என்பது 70 ஆங்ஸ்ட்ராம். அந்தக் கோட்டின் மெல்லிய வெளிச்சத்தோடு பக்கத்து ஒளியெல்லாம் சேர்ந்து வந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். விளிம்புச் சுவாலைகள் தெரிய ஏறத்தாழ 1 ஆங்ஸ்ட்ராம் வேண்டும், சூரிய வட்டத்தின் மேல் ஓடும் கரிய இழைகள் நன்றாகத் தெரிய 0.7 அல்லது அதற்கும் குறைவு. நீங்கள் காசு கொடுப்பது அந்த நுண்ணிய வடிகட்டலுக்கு.

எச்-ஆல்ஃபா டெலஸ்கோப்புகளில் தொடக்கத்துக்கு கொரோனாடோ பி.எஸ்.டி. (40 மி.மீ. விட்டம், 400 மி.மீ. குவியத் தூரம்), லண்ட் 40, 50 மி.மீ. மாதிரிகள் பொருத்தம். பழைய பி.எஸ்.டி. வாங்குவதாக இருந்தால் ஐபீஸ் குழலைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ஐ.டி.எஃப். என்ற சின்ன ஃபில்டர் பனி படிந்ததுபோல் வெளுத்திருந்தால், அதை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இன்னொன்று, பி.எஸ்.டி.யில் கேமரா நேராக ஃபோகஸ் ஆகாது, உள்ளே போக இடம் போதாது. 2 மடங்கு பார்லோவின் (பிம்பத்தைப் பெரிதாக்கும் துணைக்கருவி) லென்ஸ் பகுதியை மட்டும் கழற்றிக் கேமராவின் மூக்கில் திருகுங்கள், சுமார் ஒன்றரை மடங்காகப் பெருக்கி ஃபோகஸுக்கு வரும்.

டேஸ்டார் குவார்க் என்ற எச்-ஆல்ஃபா ஃபில்டர் உங்கள் லென்ஸ் டெலஸ்கோப்பிலேயே மாட்டுவது, யூஎஸ்பி மின்சாரத்தில் சூடேறி வேலை செய்யும். அதற்குள் 4.3 மடங்கு பெருக்கம் இருக்கிறது. 700 மி.மீ. டெலஸ்கோப் 3000 மி.மீ. ஆகிவிடும், சூரிய வட்டம் சுமார் 27.5 மி.மீ. விரியும். முழு வட்டம் வேண்டும் என்பவர்கள் இதை வாங்கி ஏமாற வேண்டாம். குறுகிய குவியத் தூரமுள்ள 60-80 மி.மீ. டெலஸ்கோப்போடுதான் இது நன்றாகச் சேரும். கண்ணாடி வைத்த பிரதிபலிப்பு டெலஸ்கோப்பில் இதை ஒருபோதும் மாட்டாதீர்கள்.

கேள்வி: எச்-ஆல்ஃபாவுக்குக் கலர் கேமராவா, கறுப்பு-வெள்ளையா?

பதில்: கறுப்பு-வெள்ளை. கலர் சென்சாரில் நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்பை வாங்கும், மீதி மூன்றும் சும்மா இருக்கும். பிக்சல் அளவை (மைக்ரானில்) 3-ஆல் பெருக்கினால் பொருத்தமான எஃப் எண் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) கிடைக்கும்: ஐஎம்எக்ஸ்178 சென்சாருக்கு (2.4 மைக்ரான்) எஃப்/7, ஐஎம்எக்ஸ்174-க்கு (5.86 மைக்ரான்) எஃப்/18. இதற்கு அடுத்து சென்சாரின் உயரத்தைப் பாருங்கள். மேலே சொன்னபடி பி.எஸ்.டி.யில் ஒன்றரை மடங்கு பெருக்கினால் வட்டம் 5.5 மி.மீ.; 178-இன் உயரம் 5 மி.மீ.தான், இரண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். 174-இன் உயரம் 7.1 மி.மீ., ஒரே படத்தில் அடங்கும். திரையில் வரிவரியாகக் கோடுகள் தெரிந்தால் கேமரா பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். அவை நியூட்டன் வளையங்கள், கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே ஒளி எதிரொளித்து வருபவை. கேமராவைச் சற்றுச் சாய்க்கும் அடாப்டர் ஒன்று வாங்கிப் போட்டால் மறையும்.

கேள்வி: எல்லாம் வாங்கியாயிற்று. மதியம் 12 மணிக்கு எடுக்கிறோம், படம் கொதிக்கிற தண்ணீர்போல் ஆடுகிறது. லென்ஸ் கோளாறா?

பதில்: லென்ஸில் கோளாறு இல்லை, நேரம்தான் தவறு. மதியத்தில் காங்கிரீட் மாடி அனலாய் இருக்கும், அந்த அனல்காற்று வழியாகத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். காலை ஏழரையிலிருந்து ஒன்பதரைக்குள் எடுங்கள். மாடியைவிடப் புல்தரை மேல். உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஏரி நடுவிலுள்ள தீவில் கட்டியதற்கும் காரணம் இதுதான்: தண்ணீர் மண்ணைப்போலச் சட்டென்று சூடாவதில்லை. 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலும் காலை நேரமே தெளிவு. புள்ளியின் சாம்பல் வளையத்தில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்தது அங்கேதான்.

ஒற்றைப் படத்தை நம்பாதீர்கள். ஷார்ப்கேப், ஃபயர்கேப்சர் போன்ற பதிவு மென்பொருளில் 30 முதல் 60 நொடி வரை வீடியோ எடுத்து, ஆட்டோஸ்டேக்கர்ட் என்ற மென்பொருளில் சிறந்த 10 சதவீதப் படங்களை மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் போனால் சுவாலையே நகர்ந்துவிடும். ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) 70-80 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். ஃபோகஸ் தவறுவதற்குப் பெரும்பாலும் வெயிலில் திரை தெரியாததே காரணம். லேப்டாப்பை ஓர் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, தலைக்கு மேல் கறுப்புத் துணி போட்டுக்கொண்டு, புள்ளியின் ஓரத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய ஃபிலிமில் ஊசித்துளைகள் இருக்கின்றன. விற்றவர் திருப்பி வாங்க மறுக்கிறார்.

பதில்: குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திருப்பி வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. இருட்டறையில் பளிச்சென்ற டார்ச்சின் முன் தாளைப் பிடித்து, துளைகள் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு எழுத்தில் அனுப்புங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். அதுவரை அந்தத் தாளை ‘பயன்படுத்தாதே’ என்று எழுதிய உறையில் போட்டு, டெலஸ்கோப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.