மதியம் ஆனால் ஹெட்டர் தளர்கிறது: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா பழைய டயர் டைப் அறுவடை மெஷின் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறார். காலையில் ஹெட்டர் (முன்னால் கதிரை அறுக்கும் பகுதி) சட்டென்று மேலே போகிறது. பதினொரு மணிக்கு மேல், ஆயில் சூடானதும், இழுத்து இழுத்துத்தான் தூக்குகிறது. ஆனால் தூக்கி நிறுத்தினால் தானாக இறங்குவதில்லை. ஹெட்டரைத் தூக்க ஆயிலைத் தள்ளும் ஹைட்ராலிக் பம்பு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். எங்கள் லேபில் காற்றழுத்தத்தில் இயங்கும் நியூமேடிக் கிட் மட்டும்தான் இருக்கிறது. படித்ததை வைத்து இதை நானே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும், தம்பி. மெக்கானிக் சொன்னது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பம்பைக் கழற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பைசா செலவில்லை.

முதலில் ஒன்றை மனதில் நன்றாகப் பதிய வையுங்கள். பம்பு பிரஷரைத் தருவதில்லை, ஆயிலை மட்டும்தான் தள்ளுகிறது. அந்த ஆயிலுக்கு எதிரே நிற்கும் பாரம்தான் பிரஷரை உண்டாக்குகிறது. அதனால் ‘தூக்கவே முடியவில்லை’ என்பது பிரஷர் பற்றிய புகார். ‘மெதுவாகத் தூக்குகிறது’ என்பது ஓட்டம் பற்றிய புகார். உங்களுடையது இரண்டாவது வகை. பம்பு தள்ளும் ஆயிலில் ஒரு பகுதி சிலிண்டருக்குப் போகாமல் வேறு வழியில் டேங்குக்குத் திரும்புகிறது, அல்லது பம்புக்கே போதிய ஆயில் வந்து சேரவில்லை.

தூக்கிய ஹெட்டர் இறங்குவதில்லை என்று எழுதியிருப்பது நல்ல தகவல். ஹெட்டர் சிலிண்டர்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் ஆயில் போகிறவை. இறங்குவது சொந்த எடையால். அவற்றின் சீல் தேய்ந்தால் ஆயில் வெளியே வழிந்து கண்ணுக்குத் தெரியும். வெளியே கசிவே இல்லாமல் ஹெட்டர் இறங்கினால் கன்ட்ரோல் வால்வு உள்ளுக்குள் விடுகிறது என்று அர்த்தம். உங்களுக்கு இரண்டும் இல்லை. சூடான பிறகும் நிறுத்திய இடத்தில் நிற்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். நின்றால் சீல் கிட் வாங்கும் செலவு மிச்சம்; தேட வேண்டியது வால்வுக்குப் பம்பு இருக்கும் பக்கம்தான்.

இப்போது ஒரு டேப்பும் கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். ஹெட்டர் கீழே இருக்கும்போதும் முழுக்க மேலே இருக்கும்போதும் சிலிண்டர் ராடு எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்தால், வித்தியாசம்தான் ஸ்ட்ரோக். அடுத்தது விட்டம். உள்ளே தனி பிஸ்டன் இல்லாமல் ராடே பிளஞ்சராக இருக்கும் சிலிண்டர் என்றால் ராடின் விட்டத்தை எடுக்க வேண்டும். பிஸ்டன் உள்ளது என்றால் போரின் (சிலிண்டர் உள்துளையின்) விட்டம். பரீட்சையில் பலர் சறுக்கும் இடம் இது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பிளஞ்சர் விட்டம் 5 செ.மீ., ஸ்ட்ரோக் 40 செ.மீ. என்றால் ஒரு சிலிண்டருக்கு ஏறக்குறைய 785 மி.லி.; இரண்டுக்கும் சேர்த்து 1.57 லிட்டர். காலையில் 4 விநாடியில் ஏறினால் நிமிடத்துக்கு 23.5 லிட்டர் போகிறது. மதியம் 10 விநாடி ஆனால் 9.4 லிட்டர்தான். மீதி 14 லிட்டர் எங்கே போகிறது என்பதுதான் உங்கள் கேள்வி. இரண்டு முறையும் எஞ்சின் ஒரே வேகத்தில் ஓட வேண்டும், இல்லையென்றால் இந்தக் கணக்கு எதற்கும் உதவாது.

சூட்டுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வி.ஜி. 68 ஆயில் என்றால் 40 டிகிரியில் அதன் பாகுத்தன்மை 68 என்று பொருள். சாதாரண வகை ஆயில் 80 டிகிரிக்குப் போனால் அது ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்துவிடும். கஞ்சி ஆறும்போது கெட்டியாவதையும் கொதிக்கும்போது நீர்த்திருப்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நீர்த்த ஆயில், கியர் பம்பின் பல்லுக்கும் உறைக்கும் நடுவில் உள்ள இடுக்கில் எளிதாகப் பின்னோக்கி ஒழுகும். இடுக்கு இரண்டு மடங்கானால் ஒழுக்கு எட்டு மடங்காகும். தூசியும் வைக்கோல் சுணையும் கலந்த ஆயில் ஒரு பம்பை எவ்வளவு சீக்கிரம் கெடுக்கும் என்பது இதிலிருந்தே தெரியும். ஆக, பம்பு மீது சந்தேகம் வருவது நியாயம்தான்.

ஆனால் இதே அறிகுறியைக் காட்டும் வேறு சில இருக்கின்றன. முதலில் ஹெட்டரைத் தரையில் இறக்கி வைத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, நுரைத்திருந்தால் காற்று இழுக்கிறது. பம்பு பெல்ட்டில் ஓடுகிறதா? எண்ணெய் பட்ட பெல்ட் சூட்டில் வழுக்கும். டேங்கில் உள்ள சக்ஷன் ஸ்ட்ரெய்னரை (பம்புக்குப் போகும் ஆயிலை வடிகட்டும் சல்லடை) கழற்றிக் கழுவிப் பாருங்கள். ஆயில் கூலர் இருந்தால் அதன் இடுக்குகளில் பதர் அடைத்திருக்கும்.

அப்புறம் சக்ஷன் ஹோஸ். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. நீடாமங்கலம் பக்கம் ஒரு மெஷினுக்குப் பல வருடங்களுக்கு முன் நானே பம்பை மாற்றச் சொன்னேன். புதுப் பம்பு போட்ட மறுநாள் மதியமும் அதே மந்தம். கடைசியில் பார்த்தால், டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ரப்பர் ஹோஸின் உள்சுவர் பிரிந்து, சூடானதும் இளகி உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அந்த விவசாயிக்கு வீண் செலவு வைத்தது இன்றும் என் மனதை உறுத்துகிறது. பம்பு கரகரவென்று சத்தம் போட்டால் இந்த ஹோஸை முதலில் சந்தேகப்படுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் கேஜ் வைக்க வேண்டும். பம்பு அவுட்லெட் லைனில் ‘T’ வடிவ டீ ஜாயின்ட் ஒன்று போட்டு, 250 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். இதை மெக்கானிக் கூட இருக்கும்போதே செய்யுங்கள். ஆயில் நன்றாகச் சூடான பிறகு ஹெட்டரை முழுக்கத் தூக்கி, லீவரை இரண்டு மூன்று விநாடி மட்டும் பிடித்துப் பார்க்க வேண்டும். பிரஷர் அளவு மீறாமல் ஆயிலை டேங்குக்குத் திறந்துவிடுவது ரிலீஃப் வால்வு; அது திறக்க வேண்டியதாக மேனுவலில் உள்ள ரிலீஃப் பிரஷர் வரவில்லை என்றால் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மறுபடி பாருங்கள். வேகத்தோடு கேஜும் ஏறி இறங்கினால் ஆயில் ஒழுகுகிறது, பம்புதான் முதல் குற்றவாளி. எந்த வேகத்திலும் முள் ஒரே குறைந்த எண்ணில் நின்றால் ரிலீஃப் வால்வு அந்த எண்ணிலேயே திறந்துகொள்கிறது. ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், வால்வு அமர்ந்து மூடும் இடத்தில் தூசி சிக்கியிருக்கலாம். பம்பு விலையோடு ஒப்பிட்டால் அதைச் சுத்தம் செய்வது ஒன்றுமே இல்லை.

அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். ஹெட்டர் முழுக்க ஏறிய பிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருக்கிறாரா? அல்லது லீவர் நடுநிலைக்குத் தானாகத் திரும்பாமல் சிக்குகிறதா? நிமிடத்துக்கு 24 லிட்டர் ஆயில் 150 பாரில் ரிலீஃப் வால்வு வழியாகப் போனால் 6 கிலோவாட் முழுவதும் சூடாக மாறுகிறது. மூன்று கீசரை டேங்குக்குள் போட்டதற்குச் சமம்.

பாதுகாப்பு பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க எனக்கு மனமில்லை. ஹெட்டருக்கு அடியில் போகும்போது, அது இறங்காமல் தாங்கும் பூட்டுக்கட்டை போடாமல் போகக் கூடாது. இணைப்பு எதையும் கழற்றுமுன் ஹெட்டரைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, லீவரை அசைத்துப் பிரஷரை விடுவியுங்கள். மெல்லிய கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது. அட்டையைக் காட்டிப் பாருங்கள். ஊசித் துளை வழியாக வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி குறைவாக இருந்தாலும் அன்றே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது. விரலையே இழந்தவர்கள் உண்டு. ரிலீஃப் வால்வு பம்பிலேயே இல்லாமல் வால்வு பிளாக்கில் இருந்தால், பம்பு அவுட்லெட்டை அடைத்துச் சோதிக்கலாம் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். ஏதாவது ஒன்று வெடிக்கும்.

சரி, லேபில் உள்ள நியூமேடிக் கிட்டுக்கு வருகிறேன். அதைக் குறைவாக எண்ண வேண்டாம். 5 செ.மீ. சிலிண்டர் 6 பார் காற்றில் 120 கிலோ அளவுக்குத்தான் தள்ளும். அதே சிலிண்டர் 150 பார் ஆயிலில் 3 டன் தூக்கும். காற்று அமுங்கக்கூடியது என்பதால் அதில் ஹெட்டரை நிறுத்தினால் வரப்பு ஏறும்போதெல்லாம் பந்து போலத் துள்ளும். வேகமாகவும் லேசாகவும் தட்ட வேண்டிய இடத்துக்குக் காற்றுதான் சரி. நம் பக்கத்து ரைஸ் மில்களில் கறுத்துப்போன அரிசியைத் தனியே காற்றால் ஊதித் தள்ளும் கலர் சார்ட்டரைப் போய்ப் பாருங்கள். ஆனால் உங்கள் வீட்டு மெஷினின் நோயை அந்தக் கிட்டிலேயே உண்டாக்கிக் காட்ட முடியும். வரும் காற்றை ஃப்ளோ கன்ட்ரோல் வால்வால் குறைத்துவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு டீ போட்டு, சின்னக் கசிவு வையுங்கள். சிலிண்டரில் எடை இல்லாமல் ஒருமுறை, எடை ஏற்றி ஒருமுறை நேரம் பாருங்கள். எடை கூடக் கூடக் கசிவும் கூடி, ஓரிடத்தில் சிலிண்டர் நகராமலே நின்றுவிடும். தேய்ந்த பம்பில் நடப்பதும் இதுதான்.

குறுவை அறுப்பு நேரத்தில் மெஷினை நிறுத்தினால் அப்பாவுக்கு மணிக்கணக்கு வாடகை போகும், மழை வந்துவிட்டால் வயல்காரருக்கு நெல்லே போகும். அதனால் ஸ்டாப்வாட்ச், பெல்ட், ஸ்ட்ரெய்னர், ஹோஸ் வேலையை ஒரு நாள் விடியற்காலையிலும் அதே நாள் மதியச் சாப்பாட்டு இடைவெளியிலும் முடித்துவிடுங்கள். காலை, மதியம் இரண்டு நேரத்து விநாடிக் கணக்கையும் சிலிண்டர் அளவையும் எழுதி அனுப்பினால் மேற்கொண்டு பார்ப்போம்.