மாலதிக்கு ஏழு குறி எதற்கு? எகிப்தியப் பட எழுத்தில் பெயர் பொறிக்கும் முறை

கேள்வி: கெய்ரோ போய்வந்த தோழி, என் பெயர் ‘மாலதி’யைப் பட எழுத்தில் பொறித்த வெள்ளி டாலர் வாங்கி வந்தாள். நீள்வட்டத்துக்குள் ஏழு குறிகள். ஆந்தை என்றால் ஞானம், சிங்கம் என்றால் வீரம் என்று இணையத்தில் போட்டிருக்கிறது. பின்பக்கம் ஒரு கண்ணும், தலையில் வளையம் வைத்த சிலுவை போன்ற ஒன்றும். பெயர் சரியாக இருக்கிறதா? இதையே தங்கத்தில் செய்ய ஆசாரியிடம் என்ன கொடுக்க வேண்டும்?

பதில்: உங்கள் டாலரில் ஞானமும் இல்லை, வீரமும் இல்லை. ஆந்தை ‘ம்’, படுத்திருக்கும் சிங்கம் ‘ல்’, அவ்வளவுதான். ஆந்தையை அறிவோடு சேர்த்தவர்கள் கிரேக்கர்கள்.

ஒரே குறி மூன்று வேலை செய்யும் என்பதுதான் இந்த எழுத்தின் சூட்சுமம். வீட்டின் தரைப்படம் போன்ற குறியின் கீழ் ஒரு சிறு கோடு போட்டால் ‘வீடு’. அதே குறியோடு வாயையும் நடக்கும் இரு கால்களையும் சேர்த்தால் ‘வெளியே போ’. இங்கே வீடு ‘ப்-ர்’ என்ற ஒலிக்காக மட்டும் நிற்கிறது. வாய் அந்த ‘ர்’ஐ உறுதிப்படுத்துகிறது. கால்களை வாசிக்கவே கூடாது. சொல் நடமாட்டம் பற்றியது என்று காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. 1822இல் ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் அவிழ்த்த முடிச்சு இதுதான். எல்லாக் குறியும் தத்துவப் படம் என்று நம்பியவர்களால் அதுவரை ஒரு வரிகூட வாசிக்க முடியவில்லை.

ஏழு குறி வந்த காரணம் எளிது. கடைக்காரரிடம் இருப்பது ஆங்கில எழுத்துக்கு ஒரு குறி என்று வைத்த பட்டியல். உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எழுத ஏழு எழுத்து. ‘தி’ எழுத அதில் ஒரு ‘எச்’ வருகிறது. அதற்கும் ஒரு குறியைப் பொறித்துவிட்டார்கள். வாசித்தால் ‘மாலாத்ஹி’ என்றுதான் வரும். தமிழ்ப் பெயர்களில் அதிகம் நடக்கும் பிழை இது. எழுத்தைப் பார்க்காமல் ஒலியைப் பாருங்கள்.

பழைய எகிப்திய எழுத்தில் உயிரொலிக்குக் குறி இல்லை. ‘ல்’லுக்கும் தனிக் குறி கிடையாது. கிரேக்க வம்சமான தாலமிகள் ஆண்ட காலத்தில், அந்நியப் பெயர்களை எழுதுவதற்குக் கழுகை ‘ஆ’வாகவும் சிங்கத்தை ‘ல்’லாகவும் எடுத்துக்கொண்டார்கள். கிளியோபாட்ராவின் பெயரில் இரண்டும் உண்டு. அந்த வழியில் மாலதிக்கு ஐந்து போதும்: ஆந்தை, கழுகு, சிங்கம், ரொட்டி (‘த்’), இரட்டை நாணல் (‘இ’). குறில் அகரத்தை விட்டுவிடலாம். ரொட்டிக்குப் பதில் கை போட்டாலும் தவறில்லை. கிளியோபாட்ராவில் வரும் ‘ட்’ கைதான். ‘ழ’, ‘ள’வுக்கும் சிங்கமே கதி.

சுற்றியுள்ள நீள்வட்டம் கார்ட்டூஷ். முடிச்சிட்ட கயிறு அது. அரச குடும்பத்தின் பெயருக்கு மட்டும் உரியது. டாலர்தானே, போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்குள் உட்கார்ந்த பெண் உருவம் வேண்டாம், அது சாதாரணப் பெண்களின் பெயருக்குப் பின்னால் வருவது. கிளியோபாட்ராவுக்குச் செய்ததுபோல் கடைசியில் சிறிய ரொட்டியும் முட்டையும் வைத்தால் பெண்பெயர் என்று புரியும்.

ஆசாரியிடம் வெறும் பட்டியலைக் கொடுக்காதீர்கள், உண்மை அளவிலேயே வரைந்து கொடுங்கள். ‘ஜேசெஷ்’ என்ற இலவச மென்பொருளில் கார்டினர் எண்ணை, அதாவது ஒவ்வொரு குறிக்கும் கார்டினர் என்ற அறிஞர் தந்த பட்டியல் எண்ணை, தட்டினால் குறி வரும்: ஆந்தை ஜி17, கழுகு ஜி1, சிங்கம் இ23, ரொட்டி எக்ஸ்1, நாணல் எம்17. ஜி4 என்ற பருந்து கிட்டத்தட்ட ஜி1 போலவே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். நிற்கும் கார்ட்டூஷில் நான்கு வரிசை: மேலே ஆந்தையும் கழுகும் பக்கத்தில் பக்கத்தில், அடுத்து சிங்கம் முழு அகலத்துக்கு, பிறகு ரொட்டியும் நாணல்களும், கடைசியில் சிறு ரொட்டியும் முட்டையும். கயிற்று முடிச்சின் கோடு அடியில் வரும். வரிசைக்கு 5 மி.மீ. உயரமாவது வேண்டும், ஆகவே டாலர் 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அதைவிடச் சிறிதானால் மெருகேற்றும்போது கழுகின் அலகு தேய்ந்து கோழியாகிவிடும்.

திசையில்தான் அதிகம் சறுக்குவார்கள். விலங்குகளும் பறவைகளும் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும். வலப்பக்கம் பார்த்தால் ஆந்தை வலக்கோடியிலும் கழுகு அதற்கு இடப்பக்கத்திலும் வரும். ஆந்தையின் முகம் மட்டும் நேராக நம்மைப் பார்க்கும், அதனால் அதன் காலைப் பாருங்கள். அச்சில் வார்க்கும்போது மொத்தமும் இடவலம் மாறினால் பதற வேண்டாம். எகிப்தியர்கள் இரண்டு திசையிலும் எழுதினார்கள். ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பினால்தான் பிழை.

பின்பக்கத்துக் கண் ‘வெஜத்’: நலமானது, முழுமையானது. சேத் என்ற தெய்வம் சிதைத்த ஹோரஸ் தெய்வத்தின் கண்ணை, தோத் என்ற தெய்வம் ஆற்றினார் என்பது கதை. மம்மியின் வயிற்றில் கீறிய இடத்தைக்கூட இந்தக் கண் பொறித்த தகட்டால் மூடினார்கள். திருஷ்டிக்கு என்று நினைத்தால் பாதி சரி. அதன் பாகங்களில் பின்ன எண்கள் ஒளிந்திருப்பதாகச் சொல்வது பிற்காலத்தவர் கட்டியது.

வளையச் சிலுவை ‘அங்க்’, பொருள் ‘உயிர்’. செருப்பு வாரின் படம் என்று ஒரு கருத்து உண்டு. ஆண் பெண் சேர்க்கை என்பதெல்லாம் நம் காலத்துக் கற்பனை. கோயில் சுவர்களில் தெய்வங்கள் அதை அரசனின் மூக்கருகே நீட்டுவார்கள், மூச்சு கொடுப்பதாக. தங்கத்தில் செய்யும்போது கண்ணை விட்டுவிட்டு மூன்று குறிகளைக் கேளுங்கள்: அங்க் (எஸ்34), தீக்கடைகோல் (யு28), மடித்த துணி (எஸ்29). ‘உயிரோடு, வளமாக, நலமாக’ என்று அரசர் பெயருக்குப் பின் எழுதிய வாழ்த்து அது. கார்ட்டூஷ் போட்டாயிற்று, இதையும் போட்டுக்கொள்ளலாம்.