இடது கன்னத்தில் மட்டும் ஏன்?

கேள்வி: என் கணவர் விமானி, கேப்டன். 17 வருடமாகப் பறக்கிறார். இடது கன்னத்தில் மட்டும் கருமை படர்ந்து, கண்ணோரம் சுருக்கமும் கூடியிருக்கிறது. "கண்ணாடிக்குள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு ஏது வெயில்?" என்கிறார். நான் வீணாகக் கவலைப்படுகிறேனா டாக்டர்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வீண் கவலை இல்லைம்மா. இடது கன்னம் என்று படித்ததுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கேப்டன் உட்காருவது இடப்பக்க இருக்கையில். பக்கவாட்டு ஜன்னல் அந்தக் கன்னத்தை ஒட்டியே இருக்கும். என்னிடம் வந்த ஒரு கேப்டனுக்கு மூக்கின் இடப்புறம் முழுக்கத் தோல் தடித்து வரிவரியாக இருந்தது. வலப்புறம் பத்து வயது இளமை. சட்டைக் காலர் மறைத்த இடத்தில் கோடு கிழித்தாற்போல நிறம் மாறியது.

வெயிலில் தோலைச் சிவக்க வைப்பது பெரும்பாலும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர். அதைக் கண்ணாடி ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடும், அதனால் எரிச்சலே தெரியாது. ஆனால் தோலின் ஆழம் வரை போகிற இன்னொரு வகையான யுவிஏ, சில விமானங்களில் பாதிக்கு மேல் உள்ளே வந்துவிடுகிறது. கீழே வெண்மேகம் இருந்தால் அதில் பட்டும் திரும்பி வரும். 2014-ல் அமெரிக்காவில் காக்பிட்டில் அளந்து பார்த்துச் சொன்ன கணக்கு இது: 30,000 அடியில் சுமார் 57 நிமிடம் பறந்தால் படும் யுவிஏ, தோலைப் பழுப்பாக்கும் டேனிங் படுக்கையில் 20 நிமிடம் படுத்தால் படுவதற்குச் சமம்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய், வெள்ளைக்காரர்கள் அதிகமுள்ள நாடுகளின் விமானிகளிடம் மற்றவர்களைவிட ஏறத்தாழ 2 மடங்கு. அதில் கடற்கரை விடுமுறைகளுக்கும் பங்கிருக்கலாம். நம் நிறத்துக்கு அது அரிது. வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலும் நகத்தடியிலும் வரும்; குளிக்கும்போது அங்கேயும் பார்க்கச் சொல்லுங்கள்.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப் எண்ணோடு நிறுத்தாதீர்கள், அது முக்கியமாக யுவிபிக்கான கணக்கு. யுவிஏ-வைத் தடுக்க, 'பிஏ' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 3 அல்லது 4 பிளஸ் குறி இருக்க வேண்டும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், காது, கழுத்து எல்லாம் தடவட்டும். நீண்ட பயணமென்றால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. அப்புறம், போலரைஸ்டு கூலிங்கிளாஸ் வேண்டாம். அதைப் போட்டால் காக்பிட் திரைகள் சில கோணங்களில் இருண்டுவிடும்.

அந்தக் கருமையைத் தோல் மருத்துவரிடம் நேரில் காட்டுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் 'வெள்ளையாக்கும்' க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. தோல் இன்னும் மெலிந்துபோகும். அதை மட்டும் தொடவே விடாதீர்கள்.