குவாடல்கனால்: ஒரு வழித்துணை விமானந்தாங்கிக் கப்பலின் போர்ப்பணி (கேள்வி பதில்)

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் போரிட்ட அமெரிக்கக் கடற்படைக் கப்பல் குவாடல்கனாலை ‘வழித்துணை’ விமானந்தாங்கி என்கிறார்களே, பெரிய விமானந்தாங்கிகளிலிருந்து அது எவ்வாறு வேறுபட்டது?

பதில்: அளவிலும் வேகத்திலும் அது மிகச் சிறியது. பெரிய கப்பல்கள் 30 ‘நாட்’ (மணிக்கு ஒரு கடல் மைல் என்ற வேக அலகு) வேகத்துக்கு மேல் விரைந்த காலத்தில் இதன் உச்ச வேகம் ஏறத்தாழ 19 நாட். ஏற்றிச் சென்ற விமானங்களும் முப்பதுக்குள்தான். வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரில் கைசர் நிறுவனம் அடுத்தடுத்துக் கட்டி முடித்த 50 காசாபிளாங்கா வகைக் கப்பல்களுள் ஒன்றான இது, 1943 செப்டம்பர் 25 அன்று கேப்டன் டேனியல் கேலரியின் தலைமையில் பணியில் சேர்ந்தது. கரையிலிருந்து கிளம்பும் விமானங்களுக்கு எட்டாத நடுக்கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகளைத் தேடி அழிப்பதற்கு அந்த அளவே போதுமானதாக இருந்தது.

கேள்வி: பசிபிக் தீவின் பெயரைத் தாங்கிய இக்கப்பல் பசிபிக்கில் போரிட்டதா?

பதில்: இல்லை. அதன் போர்ப்பணி முழுவதும் அட்லாண்டிக்கில்தான் நடந்தது.

கேள்வி: யு-505 நீர்மூழ்கியைப் பிடித்தது தற்செயலாகக் கிடைத்த வாய்ப்பு என்கிறார்கள். உண்மையா?

பதில்: அதை நான் ஏற்கவில்லை. பகலில் மூழ்கியிருந்து, இரவில் மேலெழுந்து மின்கலங்களுக்கு மின்னேற்றுவது நீர்மூழ்கிகளின் வழக்கம். அதை அறிந்த கேலரி, 1944 ஏப்ரலில் நிலவொளியைத் துணைகொண்டு இரவெல்லாம் விமானங்களைப் பறக்கவிட்டார். அவ்வளவு சிறிய தளத்தில் இரவில் விமானத்தை இறக்குவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை; ஆனால் பலன் உடனே தெரிந்தது. ஏப்ரல் 9 அன்று யு-515, மறுநாளே யு-68 என இரண்டு நீர்மூழ்கிகள் வீழ்ந்தன. அவற்றுள் யு-515 மூழ்குமுன் சிறிது நேரம் நீர்மட்டத்தில் மிதந்ததையும், அதன் மாலுமிகள் கடலில் குதித்ததையும் கண்ட கேலரிக்கு, ஆட்களை உடனே ஏற்றியிருந்தால் அதைக் கைப்பற்றியிருக்கலாமே என்ற எண்ணம் எழுந்தது. ஆகவே மே மாதம் அமெரிக்கத் துறைமுகமான நார்போக்கிலிருந்து மீண்டும் புறப்படும்போதே, நீர்மூழ்கியில் ஏறுவதற்கான குழுக்கள் ஆயத்தமாக இருந்தன.

ஜூன் 4 அன்று, எரிபொருள் குறைந்து மொராக்கோவின் காசாபிளாங்கா துறைமுகத்தை நோக்கித் திரும்பிய வேளையில், காவல் கப்பலான சாட்லைனின் சோனாரில் (ஒலி அலையால் நீரடிப் பொருளைக் கண்டறியும் கருவி) யு-505 சிக்கியது. வானிலிருந்து நீரடியில் அதன் உருவத்தைக் கண்ட இரண்டு வைல்டுகேட் விமானங்கள், அந்த இடத்திலேயே கடலைச் சுட்டு அடையாளம் காட்டின. சாட்லைன் வீசிய ஆழ்நீர்க் குண்டுகளால் சேதமுற்ற நீர்மூழ்கி, சில நிமிடங்களில் மேலெழுந்து, சுக்கான் இறுகிய நிலையில் வட்டமடித்தது. மாலுமிகள் அதைக் கைவிட்டதும் பில்ஸ்பரி என்ற மற்றொரு காவல் கப்பலின் படகுக் குழு லெப்டினென்ட் ஆல்பர்ட் டேவிட் தலைமையில் அதில் ஏறியது. நீர்மூழ்கியைத் தகர்க்கும் வெடிமருந்து எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியாமலே அவர்கள் உள்ளே இறங்கினார்கள்; நீர் பெருகி வந்த திறப்பைக் கண்டுபிடித்து, அதன் மூடியை மீண்டும் பொருத்தினார்கள். எதிரிக் கப்பலொன்றை அமெரிக்கக் கடற்படை ஆழ்கடலில் கைப்பற்றியது 1815க்குப் பின் அதுவே முதல் முறை. வாய்ப்பு வந்தபோது அதைப் பயன்படுத்தும் ஆயத்தம் இருந்தது என்பதே சரியான கூற்று.

கேள்வி: நீர் பாதி நிறைந்து மூழ்கவிருந்த நீர்மூழ்கியை எப்படி இழுத்துச் சென்றார்கள்?

பதில்: இதுவே எனக்கு மிகவும் வியப்பளிக்கும் பகுதி. முதலில் குவாடல்கனாலே இழுவைக் கயிற்றை மாட்டிக்கொண்டது. கயிறு பூட்டியிருந்தபோதும் விமானங்கள் தளத்தில் ஏறி இறங்கின. கப்பலின் தலைமைப் பொறியாளர் ஏர்ல் ட்ரோசினோ, நீர்மூழ்கியின் டீசல் எஞ்சின்களைச் சுழல் தண்டிலிருந்து விலக்கினார். இழுபடும் வேகத்தில் அதன் உந்துவிசிறிகள் தாமாகச் சுழல, அவற்றோடு இணைந்த மின்மோட்டார்கள் மின்னாக்கிகளாக இயங்கி மின்கலங்களை நிரப்பின. அந்த மின்சாரத்தைக் கொண்டு நீர்மூழ்கியின் சொந்தப் பம்புகளாலேயே நீரை வெளியேற்றினார்கள். பின்னர் அப்னாகி என்ற இழுவைக் கப்பல் பொறுப்பேற்க, ஜூன் 19 அன்று பெர்முடாவை அடைந்தார்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய வெற்றியைக் கண்டு அமெரிக்கக் கடற்படைத் தலைமைத் தளபதி கிங் ஏன் சினம் கொண்டார்?

பதில்: நீர்மூழ்கியின் உள்ளே, ஜெர்மானியர் செய்திகளை மறைகுறியாக்கப் பயன்படுத்திய எனிக்மா பொறிகளும் குறியீட்டுப் புத்தகங்களும் இருந்தன. கைப்பற்றிய செய்தி ஜெர்மனிக்கு எட்டினால் குறியீடுகள் மாற்றப்பட்டு, நேசநாடுகள் ஏற்கெனவே படித்துவந்த ஜெர்மன் ரகசியச் செய்திகளும் கைநழுவியிருக்கும். பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேசநாடுகள் படைகளை இறக்குவதற்கு இரண்டே நாட்கள் இருந்த நேரம் அது. எனவே கிங்கின் சினம் நியாயமானதே. குவாடல்கனால் கப்பல் குழுவின் மாலுமிகள் அனைவரும் வாய் திறவாமல் இருந்ததால், அந்த நீர்மூழ்கி மூழ்கிவிட்டது என்றே ஜெர்மானியர் நம்பினர்.

கேள்வி: பின்னர் குவாடல்கனால் என்னவாயிற்று?

பதில்: விமானிகளுக்குத் தள இறக்கப் பயிற்சி அளித்தது; 1946 ஜூலையில் பணியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னாளில் ஜப்பானில் உடைக்கப்பட்டது. யு-505 மட்டும் 1954 முதல் சிகாகோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கேள்வி: தாக்கியதும் ஏறியதும் காவல் கப்பல்களின் ஆட்கள். பெருமை விமானந்தாங்கிக்கு ஏன்?

பதில்: திட்டமும் வான்கண்ணும் இழுவையும் குவாடல்கனாலுடையவை, துணிவின் பெரும்பங்கு பில்ஸ்பரியின் படகுக் குழுவுக்கே உரியது. கடற்படையும் அவ்வாறே கருதியது. நாட்டின் உயரிய விருதான மெடல் ஆஃப் ஹானர் டேவிட்டுக்கு அறிவிக்கப்பட்டது. அதைப் பெறுமுன் 1945 செப்டம்பரில் அவர் காலமானதால், அதிபர் ட்ரூமன் அதை அவருடைய மனைவியிடம் வழங்கினார்.