கருப்பொருள் வரைபடத்தில் புதிதாக என்ன தெரிகிறது? செட்டிநாட்டிலிருந்து ஒரு பதில்

ஊரும் சாலையும் காட்டும் வரைபடம் இருக்கும்போது, மழைக்கு ஒன்று, மக்கள்தொகைக்கு ஒன்று என ஒரே ஒரு பொருளை மட்டும் காட்டும் தனித்தனிக் கருப்பொருள் வரைபடங்கள் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடி வட்டாரத்தில் பல ஆண்டுகள் புவியியல் கற்பித்தவன் என்ற முறையில், எங்கள் வகுப்பறையில் கண்ட ஒன்றிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவுத் தலப்படத்தின் (நில உயரம், ஆறு, ஊர், சாலை எல்லாம் காட்டும் படம்) மேல் ட்ரேசிங் தாளை விரித்து, கண்மாய்களையும் அவற்றின் கரைகளையும் மட்டும் வரையும்படி மாணவர்களிடம் சொல்வது என் வழக்கம். சாலை, ரயில் பாதை, கோயில், ஊர்ப்பெயர் அனைத்தையும் விட்டுவிட வேண்டும். வரைந்து முடித்த தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஒரு மாணவி, “ஐயா, எல்லாக் கண்மாய்க்கும் கரை ஒரே பக்கமா இருக்கே!” என்றாள். அவள் பார்த்தது சரிதான். பெரும்பாலான கரைகள் கிழக்கிலும் தென்கிழக்கிலும் வில்லாக வளைந்து கிடந்தன. மேற்கும் வடமேற்கும் திறந்திருந்தன. எங்கள் நிலம் கரைகள் இருக்கும் கிழக்கு, தென்கிழக்குத் திசையில்தான் வங்கக் கடலை நோக்கிச் சரிகிறது. பாம்பாறும் விருசுழியாறும் அப்படியே ஓடுகின்றன. ஆனால் அச்சரிவு மிக மெல்லியது. 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்றாகச் செல்லும் சம உயரக் கோடுகள் இந்தச் சமவெளியில் வெகு தொலைவு தள்ளித்தள்ளியே வருவதால், மூலப் படத்தில் அது கண்ணில் படுவதில்லை. கோடுகள் காட்டாத சரிவை, மழைநீர் ஓடும் போக்கைப் பார்த்து மண்ணைக் குவித்த முன்னோரின் கரைகள் காட்டிக்கொடுத்தன.

அடுத்த தாளில் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்களையும் நஞ்சை நிலங்களையும் வரைந்து முதல் தாளின்மேல் வைத்தோம். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு (மிகுநீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அந்த நீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது. மடை வழியே பாயும் நீர் கரைக்குக் கீழே உள்ள வயலுக்குப் போகிறது. தனித்தனிக் குளங்களாகத் தோன்றியவை ஒரே சங்கிலியின் கண்ணிகள் என்பதும், மேலே ஒரு வரத்துக்கால் அடைபட்டால் கீழே எந்தெந்த ஊரின் வயல் காயும் என்பதும் அப்போதுதான் தெளிவாயின. மற்றவற்றை விலக்கி ஒன்றை மட்டும் பார்ப்பதும், பிறகு இன்னொன்றை அதன்மேல் ஏற்றிப் பார்ப்பதும்தான் இவ்வகை வரைபடத்தின் முழு வலிமை என்று நான் கருதுகிறேன். 1854-இல் லண்டன் சோஹோ பகுதியின் காலரா இறப்புகளை மருத்துவர் ஜான் ஸ்னோ வரைபடத்தில் குறித்தபோது, அவை பிராட் தெருவின் அடிகுழாயைச் சுற்றித் திரண்டிருந்ததும் இதே முறையில்தான் புலப்பட்டது.

எங்கள் பக்கத்திலிருந்து கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர்களின் வரலாற்றையும் இப்படி வரையலாம். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) பர்மாவில் முதலிட்ட பணம் பெரும்பாலும் கீழ்ப் பர்மாவின் நெல் நிலங்களை நோக்கிச் சென்றது. அதாவது ஐராவதி ஆற்றின் வண்டல் படிந்த இடங்களைப் பணம் பின்தொடர்ந்தது. அங்குள்ள 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930-இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த அவர்களது நில உடைமை, 1938-இல் 25 விழுக்காடானது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்து, கடனை அடைக்க இயலாத உழவர்களின் நிலம் கடன் கொடுத்தவர்களிடம் வந்து சேர்ந்ததே காரணம். இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் ஒரே வண்ண அளவுகோலில் மாவட்டவாரியாக இரு படங்கள் வரைந்து அருகருகே வைத்தால், எந்தெந்த மாவட்ட உழவர்கள் எவ்வளவு நிலத்தை இழந்தார்கள் என்பதும் அதில் தெரியும். அந்த இழப்பை விட்டுவிட்டு நம் வளவு வீடுகளின் (முற்றம் கொண்ட செட்டிநாட்டு மாளிகைகள்) பர்மாத் தேக்குத் தூண்களை மட்டும் பேசுவது முறையாகாது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி ஆயிரம் ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 996 பெண்கள். சிவகங்கையில் 1003, புதுக்கோட்டையில் 1015. எண் கூடக்கூட நிறத்தை அடர்த்தியாக்கும் நிழற்பட்டைப் படத்தில் இவ்விரு மாவட்டங்களும் அடர்ந்த நிறம் பெறும். ஆனால் செட்டிநாடு என்பது மாவட்டமன்று. இவ்விரண்டிலும் பரவிக் கிடப்பது. ஆண்கள் வெளியூர் வேலைக்குப் போவது காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கலாமே தவிர, மாவட்ட எல்லைக்குள் ஒரே நிறம் பூசிய படத்தைக் கொண்டு கானாடுகாத்தானைப் பற்றியோ தேவகோட்டையைப் பற்றியோ எதுவும் சொல்ல முடியாது. அதற்கு இரு மாவட்டங்களின் ஊர்வாரிக் கணக்கையும் எடுத்து, நடுவிலுள்ள மாவட்ட எல்லையை அழித்துவிட்டு, புதிதாக வண்ணமிட வேண்டும்.