லேண்ட்போர்டு பழகுவதற்கு முதலில் எந்தப் பவர் கைட்டை வாங்குவது?

கிருஷ்ணகிரியில் வசிப்பதாகவும், எடை 70 கிலோ என்றும், பவர் கைட் எனப்படும், ஆளை இழுக்கும் பட்டத்தின் இழுவையில் நிலத்தில் ஓட்டுவதற்கான மவுண்டன்போர்டு (நின்று ஓட்டும் சக்கரப் பலகை, லேண்ட்போர்டு என்பதும் இதுவே) ஏற்கெனவே கையில் இருப்பதாகவும், கடலோரத்தில் கைட்சர்ஃபிங் (பட்டத்தின் இழுவையில் நீரின்மேல் பலகையில் செல்வது) செய்யும் ஒருவர் தம்முடைய பழைய 9 சதுர மீட்டர் பட்டத்தைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, இல்லையென்றால் எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள்.

அதை வாங்க வேண்டாம். உங்கள் எடைக்கு முதல் பட்டம் 3 சதுர மீட்டர் அளவுள்ள, நான்கு கயிறுகளும் இரண்டு கைப்பிடிகளும் கொண்ட ஃபாயில் வகையாக இருக்கட்டும். அதனுடன் ‘கைட் கில்லர்’ என்னும் மணிக்கட்டுப் பட்டைகள் கட்டாயம் இருக்க வேண்டும். தருமபுரி, பாலக்கோடு, ஓசூர்ப் பக்கங்களில் சில ஆண்டுகளாக இதை ஓட்டி வருகிறவன் என்ற முறையில் காரணங்களை விரிவாகவே சொல்கிறேன்.

முதல் பட்டத்தை வாங்கும்போது அது எவ்வளவு இழுக்கும் என்பதைவிட, அதன் இழுவையை எவ்வளவு விரைவாக இல்லாமல் செய்ய முடியும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் இழுவை நான்கு மடங்காகிறது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வீசிக்கொண்டிருக்கும் காற்று திடீரென்று 30 கி.மீ.க்கு ஏறி இறங்குவது கடலிலிருந்து தள்ளியிருக்கும் நம் மாவட்டங்களில் சாதாரணமாக நடப்பது. போதாததற்கு, பட்டம் குறுக்கே பாயும்போது அதன்மேல் படும் காற்றின் வேகம் நாம் தரையில் நின்று உணர்வதைவிட மிக அதிகம். தலைக்கு நேர் மேலே சாதுவாக நிற்கும் பட்டம், நமக்கு முன்னால் நடுப்பகுதிக்கு இறங்கிப் பாய்ந்த மறுகணம் ஆளை முன்னால் இழுத்துத் தள்ளுவது இதனால்தான்.

உங்களுக்கு வந்திருக்கும் 9 மீட்டர் பட்டம் அநேகமாக முன்விளிம்பில் காற்றடைத்த டியூப் வகையாக இருக்கும். பிரான்சைச் சேர்ந்த லெகேன்யூ சகோதரர்கள் 1984-ல் காப்புரிமை பெற்ற வடிவமைப்பின் வழியில் வந்தவை இவை. நீரில் விழுந்தாலும் மூழ்காமல் மிதந்து, மீண்டும் எழும்ப வேண்டும் என்பதற்காகவே அந்த டியூப் இருக்கிறது. கடலில் தண்ணீரே உங்கள் வேகத்தைப் பிடித்து நிறுத்தும், விழுந்தாலும் தண்ணீரில்தான் விழுவீர்கள். சக்கரப் பலகைக்கு அந்தத் தடை இல்லை, நம் ஊரிலோ விழும் இடம் சரளைக்கல்லாக இருக்கும். அந்த அளவுப் பட்டத்தை வெறும் கையால் பிடித்து நிறுத்த முடியாது என்பதால் இடுப்பில் ஹார்னஸ் என்னும் கொக்கி வைத்த வார்க்கச்சையை மாட்டிக்கொள்ள வேண்டி வரும். பழகாத ஒருவர் தன்னைப் பட்டத்தோடு கொக்கியில் கோத்துக்கொள்வதைவிட ஆபத்தானது இந்த விளையாட்டில் வேறு எதுவும் இல்லை. சீமைக்கருவேல முள் ஒன்று குத்தினாலே டியூப் காற்று இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபாயில் பட்டத்தில் குச்சியோ டியூபோ கிடையாது. முன்புறம் திறந்திருக்கும் துணி அறைகளுக்குள் காற்று புகுந்து உப்பி, அதுவே இறக்கை வடிவத்தைத் தருகிறது. ஒவ்வொரு கையிலும் ஏறத்தாழ ஒன்றரைச் சாண் நீளமுள்ள வளைந்த கைப்பிடி இருக்கும். அதன் மேல்முனையில் இழுவைக் கயிறும் கீழ்முனையில் பிரேக் கயிறும் கட்டப்பட்டிருக்கும். மணிக்கட்டில் மாட்டும் கைட் கில்லர் பட்டையின் மறுமுனை, கைப்பிடியின் கீழே பிரேக் கயிற்றோடு இணைந்திருக்கும். நீங்கள் இரண்டு கைப்பிடிகளையும் விட்டுவிட்டால் இழுவைக் கயிறுகள் தளர்ந்து, பிரேக் கயிறுகள் மட்டும் இழுபட்டு, துணி காற்றை இழந்து கொடியிலிருந்து நழுவிய புடவைபோலக் கீழே வந்து விழும். பட்டமும் காற்றோடு ஓடிவிடாமல் உங்கள் கையோடு இருக்கும்.

இது வேலை செய்ய வேண்டுமானால் நீங்கள் கையை விட வேண்டும். பயந்த மனிதனின் கை இறுகத்தான் செய்யும். அதனால் மெல்லிய காற்றுள்ள நாளில் பட்டத்தை உச்சியில் நிறுத்திக்கொண்டு, நண்பர் ஒருவரை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிற்கவைத்து, அவர் எதிர்பாராத நேரத்தில் “விடு” என்று குரல் கொடுத்ததும் இரு கைகளையும் விரித்துவிடப் பழகுங்கள். யோசிக்காமல் விரல்கள் விரியும்வரை இதைச் செய்யாமல் போர்டில் ஏறக்கூடாது என்பதை நான் கண்டிப்பாகவே சொல்வேன்.

இரண்டு கயிற்றுப் பட்டங்கள் மலிவானவை. திருப்புவதற்குப் பழகலாம், ஆனால் பிரேக் இல்லாததால் நினைத்த இடத்தில் இறக்கி நிறுத்துவது கடினம். மூன்றாவது கயிற்றைப் பாதுகாப்புக்கு வைத்து, கைப்பிடிகளுக்குப் பதிலாகப் ‘பார்’ என்னும் ஒற்றைக் குறுக்குத் தண்டைப் பிடித்து ஓட்டும் வகையும் நல்லதே, பின்னால் கைட்சர்ஃபிங் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு அது பொருந்தும். நிலத்திலேயே இருக்கப்போகிறவருக்கு நான்கு கயிறும் கைப்பிடியும்தான் என் தேர்வு. முகம் குப்புற விழுந்த பட்டத்தைப் பிரேக்கை இழுத்துப் பின்புறமாகவே எழுப்பிவிடலாம், இறக்கியதும் பிரேக் கயிறுகளைத் தரையில் அடித்த முளையில் மாட்டி அசையாமல் நிறுத்தலாம். காய்ந்த ஏரி மண்ணில் மெல்லிய முளை இறங்காது. நான் நீளமான ஸ்குரூடிரைவரையும் ஒரு சுத்தியலையும் பையிலேயே வைத்திருக்கிறேன். இழுவையைக் கூட்டிக் குறைக்கும் டிபவர் வகை ஹார்னஸோடு ஓட்டுவது, ஆகவே அது பிறகு.

3 மீட்டர் போதுமா என்ற ஐயம் வரும். புல்தரையில், 15 கி.மீ.க்குக் குறைந்த காற்றில், அது உங்களைப் போர்டோடு நகர்த்தத் திணறும் என்பது உண்மை. ஆனால் கெட்டியான ஏரிப் படுகையில் சக்கரத்துக்குத் தடை குறைவு, அங்கே 18, 20 கி.மீ. காற்றில் உங்கள் எடைக்குத் தாராளமாக நகரும். 50 கிலோவுக்குக் குறைவானவர்கள் 2 மீட்டரோடு தொடங்குவது நல்லது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி சற்றுக் குறைவுதான், என்றாலும் கடற்கரையில் 20 கி.மீ. காற்று தரும் இழுவையை அங்கே 21 கி.மீ. காற்று தந்துவிடும். அதைக் காரணம் காட்டிப் பெரிய அளவு வாங்கத் தேவையில்லை.

எந்தக் காற்றில் தொடங்குவது என்பது பட்டத்தின் அளவோடு பிரிக்க முடியாத விஷயம். இலைகளும் மெல்லிய கிளைகளும் இடைவிடாமல் அசைந்தால் காற்று 12 முதல் 19 கி.மீ., அது பழகுவதற்கு ஏற்றது. புழுதியும் காகிதமும் கிளம்பினால் 20 முதல் 28, அதுவே உங்கள் மேல் எல்லை. சிறு மரங்கள் முழுதாக ஆடத் தொடங்கினால் பட்டத்தைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம். கையடக்கக் காற்றுமானி வாங்கினால் பத்து நிமிடம் பிடித்துப் பாருங்கள். அதிகபட்ச வேகம் குறைந்தபட்சத்தைப்போல ஒன்றரை மடங்கைத் தாண்டினால் நான் திரும்பிவிடுவேன். பட்டம் இருக்கும் உயரத்தில் காற்று மானி காட்டுவதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

தை முதல் பங்குனி வரை, வெயில் ஏறுவதற்கு முந்தைய காலை நேரம் புதியவர்களுக்கு உகந்தது. சித்திரை, வைகாசியில் நண்பகலில் தரை சூடேறிச் சுழற்காற்று கிளம்பும். மாலையில் இடிமழைக்கு முன்னால் வரும் புழுதிக்காற்று சில நிமிடங்களில் மும்மடங்காகும். தொலைவில் மேகம் கறுத்தாலே இறக்கிவிட வேண்டும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இந்த விளையாட்டில் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய எச்சரிக்கை. தென்மேற்குப் பருவக்காற்றின் நாள்களில் உங்களுக்கு மேற்கிலோ தென்மேற்கிலோ கரடு (சிறு பாறைக் குன்று) இருந்தால் அந்த இடமே வேண்டாம். கரட்டைத் தாண்டி வரும் காற்று உருண்டு புரண்டு வரும். பட்டம் ஒரு நொடி துவண்டு மறு நொடி வெடித்து விரியும். தென்னந்தோப்பும் அதையே செய்யும்.

இடத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள். முதலாவது, கிணறு. நம் பக்கத்து மானாவாரி நிலங்களில் கைப்பிடிச்சுவர் இல்லாத அகன்ற பாசனக் கிணறுகள் எத்தனையோ இருக்கின்றன, புதர் மூடிப் பத்தடிக்கு முன்னால் வரும்வரை தெரியாதவையும் உண்டு. பட்டம் ஓட்டுகிறவரின் கண் வானத்தில் இருக்கும், கால் காற்றின் திசையில் இழுபடும். ஆகவே நீங்கள் நிற்கப்போகும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில் குறைந்தது 150 மீட்டர் நடந்து பார்க்காமல் கயிற்றைப் பிரிக்காதீர்கள். இரண்டாவது, மின்கம்பி. உயர் மின் கோபுரங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும், பம்புசெட்டுக்குப் போகும் தாழ்ந்த கம்பிகள்தாம் கவனத்துக்குத் தப்பும். பட்டம் கம்பியில் விழுந்தால் மணிக்கட்டுப் பட்டைகளையும் கழற்றிவிட்டு விலகிப் போய் மின்வாரியத்தை அழையுங்கள், இழுத்துப் பார்க்காதீர்கள். வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளைக் கயிற்றுப் பக்கம் விடவும் கூடாது. இதில் மாஞ்சா இல்லைதான், ஆனால் விறைப்பாக நிற்கும் டைனீமா என்னும் செயற்கை இழைக் கயிறு தோலை அறுத்துவிடும்.

பழைய பட்டம் வாங்கலாம். எச்க்யூ பீமர், பிகேடி பஸ்டர் போன்றவை தொடக்கநிலைக்கு நம்பிக்கையாக எடுக்கத்தக்கவை. ஃப்ளெக்சிஃபாயில் பிளேடு கிடைத்தால் ஒதுக்குங்கள், அது ஆளைத் தூக்கும் திறனுக்குப் பேர்போன பட்டம். வாங்கும்முன் துணியை உதட்டில் வைத்து ஊதிப் பாருங்கள், காற்று ஊடுருவினால் துணி தேய்ந்துவிட்டது. பிறகு நான்கு கயிறுகளின் ஒரு முனையை ஒரே ஆணியில் மாட்டி, முழு நீளத்துக்கும் நடந்துபோய், நான்கையும் சேர்த்து இழுத்துப் பிடியுங்கள். நாள்பட்ட உழைப்பில் இழுவைக் கயிறுகள் நீண்டு, பிரேக் கயிறுகள் ஒப்பீட்டளவில் குட்டையாகியிருக்கும். அந்த நிலையில் பட்டம் எப்போதும் பாதி பிரேக் பிடித்தபடியே பின்னால் சரியும். கைப்பிடியிலுள்ள பிரேக் வாரில் முடிச்சுகள் வரிசையாக இருக்கும், பிரேக் கயிற்றை வெளிப்புற முடிச்சுக்கு மாற்றினால் சரியாகிவிடும். விற்பவர் இதைத் தெரியாமலே “ஓடாத பட்டம்” என்று விலையைக் குறைத்திருப்பதும் உண்டு. கைட் கில்லர் இல்லாமல் வந்தால் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்; அதுவரை பறக்கவிடாதீர்கள்.

தலைக்கவசம், முழங்கால் கவசம், முழங்கைக் கவசம் மூன்றையும் பட்டத்தின் செலவிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். போர்டைத் தனியாகச் சிறு சரிவில் ஓட்டி விழப் பழகுவதும், பட்டத்தைத் தனியாக நின்று கண்ணை மூடிக்கொண்டும் திருப்பும் அளவுக்குப் பழகுவதும் வேறுவேறு நாள்களில் நடக்கட்டும்; இரண்டையும் சேர்ப்பது அதற்குப் பின். அப்படிச் சேர்த்து ஓட்டி, மெல்லிய காற்றில் இழுவை போதவில்லை என்று உறுதியாகத் தெரிந்த பிறகு 5 மீட்டர் வாங்கலாம். அப்போதும் 3 மீட்டரை விற்றுவிடாதீர்கள், ஆனி பிறந்து காற்று வலுத்ததும் உங்களுக்குச் சரியான அளவு அதுவாகத்தான் இருக்கும்.